சுழல்கிறது, ஆனால் பிடிக்கவில்லை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இந்த மேடையில் நின்று இலக்கியம் பேசியவர்கள் பலர். நானோ பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, பின்னர் இரயில்வேயில் சேர்ந்து, பார்சல் ஆபீசில் குமாஸ்தாவாகக் காலங்கழிப்பவன். செயலாளர் அவர்கள், “உமக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றிப் பேசும்” என்று கட்டளையிட்டார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்தவை இரண்டு. ஒன்று, பார்சல் காணாமற் போவது. மற்றொன்று, மோட்டார் கார் கிளம்பாமல் நிற்பது. முதலாவதைப் பற்றி நான் வாய் திறந்தால் நாளைக் காலையில் மேலதிகாரியின் அறையில் அதே உரையை மீண்டும் ஆற்ற நேரிடும். ஆதலின் இரண்டாவதை எடுத்துக்கொள்கிறேன்.

காலனியில் இன்று வீட்டுக்கு வீடு இல்லாவிடினும், வரிசைக்கு இரண்டு கார்களாவது நிற்கின்றன. அவற்றுட் பல, நம் சம்பளத்துக்கு ஏற்றவாறு, பிறர் ஓட்டிக் களைத்த கார்கள். அவை கிளம்ப மறுக்கும் விதம் இரண்டு. சாவியைத் திருப்பினால் “டிக்” என்று ஓர் ஒலியோடு அடங்கிவிடுவது ஒரு விதம். அங்கே பாட்டரியோ, அதன் முனைகளோ, செல்ப் மோட்டாரோ குற்றவாளி. மற்றொன்று, செல்ப் நன்றாகவே சுழற்றும், “கிர், கிர், கிர்” என்று இயந்திரமும் சுழலும், ஆனால் பிடிக்காது. இவ்விரண்டையும் ஒன்றாகவே எண்ணி, “வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை” என்று ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். மருத்துவரிடம் சென்று “உடம்பு சரியில்லை” என்று மட்டும் சொல்வது போன்றது அது. நான் பேசப்போவது இரண்டாவது நோயைப் பற்றித்தான்.

அந்நோயை நான் கற்றுக்கொண்ட கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பெருமைக்குரிய கதை அன்று.

2013-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். மூன்று நாட்களாக மழை ஓயவில்லை. அப்போது என்னிடம் இருந்தது, கார்புரேட்டர் காலத்துச் சிறு கார் ஒன்று. குவார்ட்டர்ஸ் ஓரத்தில் திறந்த வெளியில், தார்ப்பாய் கூட இல்லாமல் நனைந்துகொண்டு நின்றது. இரவு பதினொரு மணி இருக்கும். அடுத்த வீட்டு மருமகள் கதவைத் தட்டினாள். “அண்ணா, அத்தைக்கு மூச்சு வாங்குகிறது, அவர் நைட் டியூட்டியில் இருக்கிறார், காரை எடுங்கள்” என்றாள். அந்த அம்மையாருக்கு நெடுநாளாய் ஆஸ்துமா உண்டு. அன்றைய மூச்சின் ஓசை எங்கள் திண்ணை வரை கேட்டது.

அம்மையாரைப் பின் இருக்கையில் அமர்த்திவிட்டுச் சாவியைத் திருப்பினேன். இயந்திரம் சுழன்றது, பிடிக்கவில்லை. மீண்டும் திருப்பினேன். சோக்கை இழுத்தேன், ஆக்ஸிலேட்டரைப் பத்து முறை மிதித்தேன், சோக்கைத் தள்ளினேன், மீண்டும் திருப்பினேன். பெட்ரோல் நாற்றம் மூக்கைத் துளைத்தது. கால் மணி நேரம் இவ்வாறே கழிந்தது. பாட்டரி சோர்ந்து, “கிர்” என்ற ஒலி “கீ...ர்” என்று இழுக்கத் தொடங்கியது. எதிர் வரிசை இளைஞர் நால்வர் வந்து, கொட்டும் மழையில் வண்டியைத் தண்ணீர்த் தொட்டி வரையில் தள்ளிச் சென்று, திருப்பித் தள்ளிக்கொண்டும் வந்தனர். பயனில்லை. கடைசியில் ஒருவன் ஸ்டேஷனுக்கு ஓடி, சைக்கிள் ரிக்‌ஷா ஒன்றை அழைத்து வந்தான். பிளாஸ்டிக் விரிப்பால் மூடி அம்மையாரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் சென்றோம். ஆக்ஸிஜன் வைத்தார்கள், விடியற்காலையில் மூச்சு அடங்கியது. டாக்டர், “இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால்...” என்று தொடங்கி, வாக்கியத்தை முடிக்காமலே அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

மறுநாள் மழை விட்டிருந்தது. ஓய்வு பெற்ற வங்காளி மிஸ்திரி ஒருவர் காலனிக்கு வெளியே குடியிருந்தார். மிஸ்திரி தாதா என்றே எல்லோரும் அழைப்போம். அவர் வந்து வண்டியைக் கிளப்ப முயலவே இல்லை. சாவியை என் கையிலேயே இருக்கச் சொன்னார். ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார், முகர்ந்தார், என்னிடம் நீட்டினார். பெட்ரோலில் நனைந்து பளபளத்தது. “பாபு, ஒருவன் வந்து சேர்ந்துவிட்டான். மற்றவன் வரவில்லை” என்றார். பிறகு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் இரு கொண்டிகளையும் தளர்த்தி, மூடியைத் திருப்பிக் காட்டினார். உட்புறம் முழுவதும் வேர்த்தாற்போல் நீர்த்துளிகள். தம் தோளில் கிடந்த துண்டின் உலர்ந்த முனையால் அதைத் துடைத்தார். பிளக்குகளையும் துடைத்து மாட்டினார். வேறு பாட்டரி ஒன்றை இணைத்தார். சாவியை ஒரு முறை திருப்பினேன். வண்டி பிடித்துக்கொண்டது.

துடைக்க ஆன நேரம் இரண்டு நிமிடம். முந்தின இரவு என் வீட்டில் உலர்ந்த துண்டுகள் இருந்தன. டார்ச் விளக்கும் இருந்தது. எனக்கு வித்தை தெரியவில்லை என்பது ஒரு குறைதான். ஆனால் முதல் நிமிடத்தில் பயன் தராத ஒன்றையே பதினைந்து நிமிடம் திரும்பத் திரும்பச் செய்தேனே, அதுதான் என்னை உறுத்தியது. அன்று தொடங்கி, மிஸ்திரி தாதா வேலை செய்யும்போதெல்லாம் பக்கத்தில் போய் நிற்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். அவர் இப்போது இல்லை.

“ஒருவன் வந்தான், மற்றவன் வரவில்லை” என்றாரே, அச்சொல் என் ஆபீஸ் பாஷை! பார்சல் ஒன்று வந்து சேரவில்லை என்று புகார் வந்தால், நாங்கள் புறப்பட்ட ஸ்டேஷனிலிருந்து ஒவ்வோர் ஊராகத் தேடிக்கொண்டு போவதில்லை. நடுவழியில் வண்டி மாற்றும் ஜங்ஷன் எதுவோ, அங்கே முதலில் விசாரிப்போம். அங்கே இறங்கியதாகப் பதிவு இருந்தால் குற்றம் அதற்கு அப்பால்; இல்லையேல் இப்பால். ஒரே கேள்வியில் பாதி வழி கழிந்துவிடும். மோட்டார் இயந்திரத்தில் அந்த ஜங்ஷன்தான் ஸ்பார்க் பிளக்.

பெட்ரோல் இயந்திரம் உயிர் பெற வேண்டுவன சிலவே. பெட்ரோல் வரவேண்டும், அதனோடு காற்று கலக்கவேண்டும், எடையளவில் ஒரு பங்குக்கு ஏறக்குறைய 15 பங்கு, அக்கலவையைப் பிஸ்டன் நன்றாக அழுத்தவேண்டும், அழுத்திய கணத்தில் மின்பொறி விழவேண்டும். இவற்றுள் காற்று பெரும்பாலும் வஞ்சிப்பதில்லை. வடிகட்டியில் எலி கூடு கட்டியிருந்தால் ஒழிய. அழுத்தம் ஓரிரவில் கெடுவதும் அரிது. ஆகவே பத்துக்கு ஒன்பது வேளையில் பெட்ரோலோ பொறியோ, இரண்டில் ஒன்றுதான் வழி தவறியிருக்கும். நாலைந்து முறை சுழற்றியபின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வந்துவிட்டது, எரியவில்லை. இதை அறிய ஒரு பிளக் ஸ்பானர் போதும்.

உலர்ந்திருந்தால் என்ன செய்வது? முதலில் தொட்டியில் பெட்ரோல் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், முள் காட்டும் கணக்கை நம்பி இரண்டு மணி நேரம் கார்புரேட்டரைப் பிரித்து மேய்ந்த பெரியவர் ஒருவர் இச்சபையிலேயே இருக்கிறார். பெட்ரோல் இருந்தால், பழைய வண்டியில் காற்று வடிகட்டியை எடுத்துவிட்டுக் கார்புரேட்டரின் வாயை நோக்கியபடி, ஆக்ஸிலேட்டர் நெம்பை ஒருமுறை இழுங்கள். பெட்ரோல் மெல்லிய தாரையாகப் பீச்சினால் அதுவரை வழி திறந்திருக்கிறது. பீச்சாவிட்டால் பம்ப், குழாய், வடிகட்டி என்று பின்னோக்கிப் போகவேண்டும். கோடைக்காலத்தில் இன்னொரு சங்கடம் உண்டு. ஓடி நின்ற வண்டியின் சூட்டில் பம்பிலேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்ப் ஆவியைத் தள்ள மாட்டாது. ஈரத்துணியைப் பம்பின்மேல் போர்த்திப் பத்து நிமிடம் காத்திருந்தால் தானே கிளம்பும். அம்பாசடர் டாக்ஸிகள் மே மாத வெயிலில் ஈரத்துணி கட்டிக்கொண்டு நின்றதன் காரணம் இதுவே.

இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. 2025-ஆம் ஆண்டில் நம் நாட்டு பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் என்றாகிவிட்டது. எத்தனால் நீரை ஈர்க்கும். அளவு மீறினால் அந்த நீரும் எத்தனாலும் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். லீவில் ஊருக்குப் போய் இரண்டு மாதம் கழித்துத் திரும்புகிறவர்கள், மழைக்காலமானால், இதையும் நினைவில் வைத்துக்கொள்ளவும்.

பிளக் நனைந்திருந்தால் பொறியின் வழியே போகவேண்டும். அம்பாசடர் போன்ற பழைய வண்டியில் அவ்வழி இது: பாட்டரியின் 12 வோல்ட், காயிலுக்குள் புகுந்து பல்லாயிரம் வோல்ட்டாக உயர்கிறது; டிஸ்ட்ரிபியூட்டருக்கு வருகிறது; அங்கே சுழலும் கை அதை நான்கு பிளக்குகளுக்கும் முறை வைத்துப் பங்கிடுகிறது. அத்தனை வோல்ட் உள்ள மின்சாரம் சோம்பேறி. பிளக்கின் இடைவெளியைத் தாண்டிக் குதிப்பதைவிட, ஈரத்தின்மேல் நழுவி இயந்திரத்தின் இரும்பில் இறங்குவதே அதற்கு எளிது. என் வண்டியில் நடந்தது அதுதான். ஈரமில்லாத நாளில் மூடியின் உட்புறத்தில் மயிரிழை போன்ற கருங்கோடு தெரிகிறதா என்று பாருங்கள். அது விரிசல், அதன் வழியாகவும் மின்சாரம் ஓடிவிடும், துடைத்தால் போகாது, மூடியையே மாற்றவேண்டும். பிளாட்டினம் பாயின்ட் உள்ள வண்டியானால் அந்த முனைகள் கருகியிருக்கின்றனவா, அவை விரியும்போது இடைவெளி ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

பொறி வருகிறதா என்று சோதிக்க, வேறு பிளக் ஒன்றை ஒயரில் மாட்டி, அதன் உடலை இயந்திரத்தின் இரும்பில் படும்படி வைத்து, வேறொருவரைச் செல்ப் திருப்பச் சொல்வார்கள். நீலம் பாரித்த பொறி “டப், டப்” என்று விழுந்தால் நலம். மங்கிய மஞ்சளானால் வலுவில்லை. ஆனால் பெட்ரோல் சிந்திய இடத்தில் இதைச் செய்யவே கூடாது; பிளக்கைக் கையால் பிடிக்கவும் கூடாது. பிளக்குக்குப் பிளக் தனித்தனிக் காயில் வைத்த இக்கால வண்டிகளில் இந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம். அங்கே உள்ள மின்னழுத்தம் மனிதரை வீழ்த்தக்கூடியது. தப்பினாலும் கம்ப்யூட்டர் பெட்டி கெடும், அதன் விலையும் மனிதரை வீழ்த்தும்.

மிதமிஞ்சிய பெட்ரோலும் ஒரு நோயே. நான் சோக்கை இழுத்துப் பத்து முறை மிதித்தேனே, அதனால் வந்தது. நனைந்த பிளக்கில், ஈரம் இல்லாவிட்டாலும், பொறி விழாது. அதற்குச் சோக்கைத் தள்ளிவிட்டு, ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதித்து, அங்கேயே காலை ஊன்றிக்கொண்டு, செல்பைச் சில விநாடி சுழற்றவேண்டும். உள்ளே காற்று புகுந்து உலர்த்திவிடும். கார்புரேட்டர் இல்லாத இக்கால வண்டிகளிற் பலவற்றிலும் இது பலிக்கும். மிதி அடிவரை அழுந்தியிருக்கக் கண்டால் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும்படி அமைத்திருக்கிறார்கள்.

செல்பைச் சுழற்றுவதற்கும் ஒரு கணக்குண்டு. ஒரு முறைக்குப் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். இடையில் அரை நிமிடமேனும் ஓய்வு கொடுங்கள். சுழலும் வேகம் தளர்ந்தால் நிறுத்திவிடுங்கள். சுழற்றும்போது 12 வோல்ட் பாட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்குமானால், செல்பைச் சுழற்றவே அதன் சக்தி செலவாகி, பொறிக்கு மிஞ்சுவது சொற்பம்.

தள்ளுவதைப் பற்றி ஒரு வார்த்தை. நம் இளைஞர்கள் உதவும் உள்ளத்தோடு ஓடி வருகிறார்கள். வண்டி நின்றதென்றால் தள்ளுவதுதான் வைத்தியம் என்பது அவர்கள் எண்ணம். தள்ளினால் என்ன ஆகிறது? சக்கரம் சுழன்று இயந்திரத்தைச் சுழற்றுகிறது. அந்த வேலையைச் செல்ப் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறதே! பாட்டரி செத்தவனுக்குத்தான் தள்ளுதல் மருந்து. நன்றாகச் சுழன்றும் பிடிக்காத வண்டியைக் கல்கத்தா வரை தள்ளினாலும் பிடிக்காது. முற்காலத்தில் எல்லோரும் கைப்பிடியைச் செருகித்தான் சுழற்றினார்கள். 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் சார்லஸ் கெட்டரிங் மின்சாரச் செல்பை அமைத்தபின் அந்தத் தோள்வலி நீங்கியது. கையோ, செல்போ, நான்கு இளைஞரோ, எல்லாம் ஒரே வேலைதான். போதாக்குறைக்கு, இக்கால வண்டிகளில் எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள கன்வெர்ட்டருக்குள் போய்த் தங்கி, பின்னர் வண்டி பிடிக்கும்போது அதைச் சுட்டுக் கெடுக்கும்.

சுழலும் ஓசை வழக்கத்தைவிட வேகமாகவும், ஏற்ற இறக்கமின்றி ஒரே சீராகவும் கேட்டால் மட்டும் உடனே கையை எடுத்துவிடுங்கள். டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். வால்வுகள் நின்றுவிடப் பிஸ்டன்கள் மட்டும் ஓடும். பல இயந்திரங்களில் இரண்டும் மோதும். அங்கே மேலும் சுழற்றுவது செலவைப் பெருக்குவதாகும்.

2000-ஆம் ஆண்டில் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தபின் கார்புரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் புதிய வண்டிகளிலிருந்து மெல்ல மறைந்தன. உத்தரபாராவில் அம்பாசடர் செய்வதும் 2014-ஆம் ஆண்டில் நின்றது. “அப்படியானால் நீர் சொன்னதெல்லாம் பழங்கதைதானே” என்பீர்கள். வழி மாறியிருக்கிறது, கேள்வி மாறவில்லை. புதிய வண்டியில் சாவியை முதல் நிலையைக் கடந்து, செல்ப் சுழலுமுன் நிறுத்தி, செவி கொடுத்துக் கேளுங்கள். பின் இருக்கைப் பக்கத்திலிருந்து இரண்டு விநாடி “ம்ம்” என்று ஒரு முனகல் கேட்கும்; அது பெட்ரோல் பம்ப். கேட்கவில்லையென்றால் முதலில் பியூசைப் பாருங்கள், பிறகு ரிலேயை. பத்து ரூபாய்ப் பியூசுக்காக வண்டியைக் கட்டி இழுத்துச் சென்றவர்கள் உண்டு. கண்ணாடிப் பலகையில் சாவிப் படமோ பூட்டுப் படமோ கண் சிமிட்டினால், வண்டி உங்கள் சாவியைத் தன் எஜமானனுடையதாக ஏற்கவில்லை; வீட்டிலிருக்கும் மற்றொரு சாவியை எடுத்து வாருங்கள். செல்ப் சுழலும்போது இயந்திர வேகம் காட்டும் முள் சற்றும் அசையாமல் கிடந்தால், சுழற்சியை உணர்ந்து சொல்லும் கிராங்க் சென்சாரின்மேல் சந்தேகம் கொள்ளலாம். அது சொல்லாவிட்டால் கம்ப்யூட்டருக்கு இயந்திரம் சுழல்வதே தெரியாது. பெட்ரோலும் விடாது, பொறியும் விடாது. அப்போது ஜங்ஷனில் இருவருமே வரவில்லை என்று பதிவாகும்.

நம் காலனிக்கென்றே உரிய ஒரு காரணத்தையும் சொல்லவேண்டும். பக்கத்துக் கூட்ஸ் ஷெட்டில் தானிய மூட்டை இறங்குகிற வாரத்தில் எலிகள் பெருகுகின்றன. இரவில் சூடான இயந்திரத்தின்மேல் படுத்துறங்கி, எழுந்து ஒயரைக் கடிக்கின்றன. காலையில் கிளம்பாத வண்டியின் முன்மூடியைத் திறந்ததும் பிளக்கைத் தேடாதீர்கள். முதலில் எலிப்புழுக்கை இருக்கிறதா என்று தேடுங்கள்.

டீசல் வண்டிக்காரர்கள் இதுவரை பொறுமையாக இருந்தீர்கள். உங்களுக்குப் பிளக் பொறி கிடையாது. அழுத்தத்தின் சூட்டிலேயே எரிகிறது. குளிர்காலக் காலையில் குளோ பிளக் விளக்கு அணையும்வரை காத்திருந்து பிறகு சுழற்றுங்கள். டீசல் தீர்ந்து நிரப்பியபின் கிளம்பாவிட்டால் குழாயில் காற்று. வடிகட்டியின் தலையில் கைப்பம்ப் இருந்தால் அது கெட்டிப்படும்வரை அழுத்துங்கள். மற்றவை மெக்கானிக்கின் வேலை.

அன்பர்களே, நான் கழற்றிவைத்த அந்தப் பழைய டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் ஒரு பிளக்கையும் கொண்டுவந்திருக்கிறேன்; தேநீர் வேளையில் வாயிற் பக்கத்து மேசையில் பார்க்கலாம். அன்றிரவு ரிக்‌ஷாவில் போன அம்மையார் இதோ முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறார். மழை நாளில் என் காரில் ஏறுமுன், “தம்பி, மூடியைத் துடைத்தாயா?” என்று இன்றும் கேட்பார். இப்போது நான் வைத்திருக்கும் வண்டியில் துடைப்பதற்கு மூடியே இல்லை. “துடைத்துவிட்டேன், அம்மா” என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.